80களின் நியோ நுவார் தோற்றம்: மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு பழைய வீடு, கையில் இரண்டு லைற்

புளியந்தீவு ரீல்:

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். 18 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை முடியும் தறுவாயில் இருக்கு. நொத்தாரிசு (காணி உறுதி, உயில் எழுதும் சட்டத்தரணி) ஒருவரிடம் வேலை செய்யும் கிளாக்கர், சொத்துள்ள ஒரு கிழவர், அவரின் இளம் மனைவி, மூன்றே பேர். கிளாக்கரும் மனைவியும் சேர்ந்து கிழவரை முடிக்கத் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் பொறியில் விழுவது கிளாக்கர். தோற்றம் நியோ நுவார், அதாவது பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களின் இருட்டை நிறத்தில் எடுத்த ‘பொடி ஹீற்’ (1981), ‘பிளட் சிம்பிள்’ (1984) மாதிரி வேணும்: சன்னல் சட்டங்களின் கோடு முகத்தில், ஃபேன் நிழல் சுவரில், ஈர ரோட்டில் வெளிச்சம்.

கைவசம் ஏபிஎஸ்-சி கமெரா, 35, 50 மில்லிமீற்றர் லென்ஸ்கள், 60 வாட் சிஓபி எல்ஈடி (ஒரே சில்லிலிருந்து வெளிச்சம் தரும் லைற்) ஒன்று, ஒரு அடிச் சதுரப் பனல் ஒன்று. வீடு உயரக் கூரை, வெள்ளைச் சுவர், மரச் சட்டம் போட்ட சன்னல்.

சோதனை ஷொட்டில் மூன்று பிரச்சினை. பனலைச் சன்னலுக்கு வெளியில் வைத்தால் கோடே விழவில்லை, சுவர் முழுக்கச் சாம்பல்தான். படத்தில் மங்கலான பட்டிகள் ஓடுது. இருட்டாக எடுத்தால் இருட்டாக வரவில்லை, புள்ளி புள்ளியாக அழுக்காக வருது. கதையிலும் ஒரு பிரச்சினை: வாசித்த எல்லாரும் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கே பிழை?


வாவிக்கரை:

தம்பி, கோடு விழாததற்கு லைற்றின் பவர் காரணமில்லை, பருமன்தான் காரணம். நிழலின் ஓரம் எவ்வளவு கலங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். லைற்றின் அகலத்தைச் சன்னலிலிருந்து சுவர்வரையான தூரத்தால் பெருக்கி, லைற்றிலிருந்து சன்னல்வரையான தூரத்தால் வகுங்கள். 30 சென்ரிமீற்றர் பனலைச் சன்னலுக்கு ஒன்றரை மீற்றர் வெளியில் வைத்து, சுவர் 2 மீற்றர் உள்ளே இருந்தால் கலங்கல் 40 சென்ரிமீற்றர். ஒரு கோட்டின் கலங்கல் பக்கத்துக் கோட்டையும் விழுங்கிவிடும். உங்களுக்குக் கிடைத்த சாம்பல் அதுதான்.

சிஓபி லைற்றின் முன்னால் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். கிண்ணத்தோடு வைத்தால் கிண்ணத்தின் அகலம்தான் லைற்றின் அகலம். கழற்றினால் வெறும் சில்லு, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். அதை 4 மீற்றர் தள்ளி வைத்தால் அதே சுவரில் கலங்கல் ஒன்றரை சென்ரிமீற்றர். கத்தி வெட்டின மாதிரிக் கோடு வரும். வெளிச்சம் நிறையக் குறையும்தான். ஆனால் ராத்திரி, வேறு லைற் எல்லாம் அணைத்து, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 அளவில் தாங்கும். லைற்றைச் சன்னலைவிட உயரத்தில், 30 பாகைபோலச் சாய்த்து வையுங்கள். நேர் மட்டத்தில் வைத்தால் கோடுகள் கிடையாகப் போய்ச் சப்பென்று இருக்கும்.

பனல் வீண் என்று நினைக்க வேண்டாம். அதில் கறுப்பு மட்டையை ஒட்டி, கிடையாக 2 சென்ரிமீற்றர் கீறு ஒன்று மட்டும் விடுங்கள். சட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கும் ஒல்லியான லைற் கிடைக்கோட்டைக் கூராகவே தரும், அகலம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. ரியூப் லைற்றைச் சட்டத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்தாலும் இதே கதை. நிமிர்த்திப் பிடித்தால் ஒன்றும் வராது.

மரச் சட்டம் என்றபடியால் தப்பினீர்கள். பனிக்கண்ணாடி லூவர்ஸ் உள்ள வீடென்றால் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளாலேயே பரவிவிடும், கோடு விழாது. அப்படி வீட்டில் எடுக்கிற ஆட்கள் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, 4 அடிக்கு 3 அடி மரச் சட்டகத்தில் 2 அங்குலப் பட்டிகளை 2 அங்குல இடைவெளியில் அடித்து, மட் கறுப்புப் பூசி, லைற்றுக்கும் நடிகருக்கும் நடுவில் நிறுத்தினால் போதும். வெள்ளை ரெஜிஃபோமில் வெட்டினால் வெளிச்சம் கசியும், கறுப்புப் பூச்சு இரண்டு பக்கமும் வேணும்.

பட்டி ஓடுவது எங்கட மின்சாரத்தால். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான பல்புகள் விநாடிக்கு 100 தரம் மின்னும். கமெரா 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் நின்றால் பட்டி வந்தே தீரும். 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் அது எல்ஈடியின் டிம்மர் மின்னுவது. டிம்மரை 100 வீதத்தில் விட்டு, வெளிச்சத்தைக் குறைக்க லைற்றைத் தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி.

இருட்டுதான் இதில் பெரிய விசயம். நுவார் இருட்டு என்பது குறைவாக ஒளியூட்டுவது இல்லை. முகத்தின் ஒரு பாதிக்கு முழு வெளிச்சம் கொடுத்து, மற்றப் பாதிக்கு ஒன்றும் போகாமல் மறிப்பது. நீங்கள் முழுக் காட்சியையும் குறைவாக எடுத்து, பிறகு கொம்பியூட்டரில் தூக்கியிருப்பீர்கள், அழுக்கு அங்கேதான் வந்தது. ஒளி விழும் கன்னத்தைச் சரியான அளவிலிருந்து ஒரு ஸ்டொப் மட்டும் (அதாவது வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள். நிழல் பக்கம் அதைவிட 3 ஸ்டொப் கீழே இருக்கட்டும். இதற்கு எதிரி உங்கட வெள்ளைச் சுவர். கோடு விழுந்த சுவரிலிருந்து திரும்பும் ஒளி மற்றச் சுவரில் பட்டு, நடிகரின் நிழல் பக்கத்தைத் தூக்கிவிடும். கமெராவுக்குத் தெரியாத பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், நடிகருக்கு ஒரு மீற்றர் கிட்டவாக. சீமெந்துத் தரை பளபளப்பாக இருந்தால் அதிலும் ஒன்று விரியுங்கள். 10 யார் துணி வாங்கும் காசு எந்த லைற்றையும்விடப் பிரயோசனம்.

நிறத்துக்கு: கமெராவின் வெள்ளைச் சமநிலையை 3600 கெல்வின்போலப் பூட்டுங்கள், தானியங்கியில் விடவே கூடாது. வெளியிலிருந்து வரும் 5600 கெல்வின் எல்ஈடி தானாக நீலமாகும். அறைக்குள் மேசை விளக்கில் மஞ்சள் இழைப் பல்பு ஒன்று போட்டால் அது செம்மஞ்சளாக நிற்கும். 40களின் கறுப்பு வெள்ளை நுவாரிலிருந்து 80கள் பிரிவது இந்த இடத்தில். ‘மான்ஹன்டர்’ (1986) படத்தில் இயக்குநர் மைக்கல் மானும் ஒளிப்பதிவாளர் டான்டே ஸ்பினோட்டியும் படுக்கையறைக் காட்சியை நீலத்தில் முக்கியே எடுத்திருப்பார்கள். பிறகு நிறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் தோலும் சேர்ந்து நீலமாகிப் பிணம் மாதிரி வரும்.


தேத்தாத்தீவான்:

வாவிக்கரை சொன்னதெல்லாம் சரி, ஆனால் லைற்றே இல்லாமலும் ஒரு வழி இருக்கு. அதைக் காட்டினவர் எங்கட அமிர்தகழியில் பிறந்தவர். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) பாருங்கள். அதுவும் மனப்பிறழ்வுக் கொலைக் கதைதான். பிரதாப் போத்தனின் முகத்தில் அவர் கோடும் போடவில்லை, கறுப்பும் பூசவில்லை. சன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மிச்சம் தானாக இருள்கிறது. பார்க்கிறவனுக்கு இது சினிமா வெளிச்சம் என்ற எண்ணமே வராததால்தான் பயம் கூடுது.

அமெரிக்கப் படங்களின் கோடு நிழலை அப்படியே இங்கே ஒட்டினால் வேடம் போட்ட மாதிரித் தெரியும். உங்கட வீட்டில் கிழக்குப் பார்த்த சன்னல் இருந்தால் காலை 7 மணி வெயில் போதும். சூரியன் தரும் நிழல் 2 மீற்றரில் 2 சென்ரிமீற்றர்தான் கலங்கும். எந்த லைற்றும் அவ்வளவு பவரில் அவ்வளவு கூராகத் தராது.


வாவிக்கரை:

‘மூடுபனி’யில் மறுப்பில்லை. ஆனால் அது வெளிச்சத்தைப் பொறுத்தவரை நுவார் இல்லை, அதன் அழகு வேறு. தம்பி கேட்டது ராத்திரி. வெயிலில் எடுத்தால் இன்னொரு தொல்லையும் இருக்கு: சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். 10 நிமிடத்தில் கோடுகள் 2 மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் 9 சென்ரிமீற்றர் இடம் மாறிவிடும். மூக்கில் இருந்த கோடு அடுத்த ஷொட்டில் காதில் நிற்கும். ஒரே ஷொட்டில் முடியும் காட்சிக்கு வெயில், வெட்டி ஒட்டும் காட்சிக்கு லைற்.


கல்முனைக் காது:

வெளிச்சத்தைப் பற்றியே கதைக்கிறீங்க. இந்த வகைப் படம் பாதி காதால பார்க்கிறது.

முதலில் ஃபேன். ‘ஏஞ்சல் ஹார்ட்’ (1987) பார்த்தால் விளங்கும், ஃபேன் வரும் இடமெல்லாம் ஏதோ ஒன்று நெருங்குது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். அதில் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அதுதான் விசயம். வீட்டு ஃபேனை ரெகுலேற்றரில் ஒன்றில் விட்டாலும் வேகம் கூட. மூன்று இதழ் ஃபேன் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினாலே விநாடிக்கு 3 நிழல். அதற்கு மேலே போனால் நிழல் மாதிரி இருக்காது, லைற் பழுதான மாதிரி இருக்கும். வலிப்பு வருத்தம் உள்ள பார்வையாளருக்கும் கூடாது. ஆகவே ஃபேனை ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்தி, ஓய்ந்து வரும் நேரத்தில் எடுங்க. நேரம் போதாட்டி ஆளை வைத்துத் தடியால் தள்ளுங்க. லைற் இதழுக்கு மேலே இருக்க வேணும், கீழே இருந்தால் நிழல் கூரையில்தான் விழும். உயரக் கூரை என்கிறபடியால் வளைமரத்துக்கும் கூரைக்கும் நடுவில் சின்ன லைற் கட்ட இடம் இருக்கும். கட்டினதை இரண்டாவது கயிறாலும் சேர்த்துக் கட்டுங்க, சுற்றும் இதழில் லைற் விழுந்தால் கீழே நிற்கிறவருக்கு ஆபத்து.

சுவிட்சை நிறுத்தி எடுப்பதில் இன்னொரு லாபம்: வசனம் சுத்தமாக வரும். ஃபேன் ஓட ஓட வசனம் பதிந்தால் வெட்டுற ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் குதிக்கும், பிறகு அதை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து போகும். வசனத்தை ஃபேன் இல்லாமல் பதியுங்க. ஃபேன் சத்தத்தை ஒவ்வொரு வேகத்திலும் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து, எடிற்றில் கீழே விரியுங்க. அப்போ அது உங்க கையில். கிளாக்கர் பொய் சொல்லுற இடத்தில் ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டால், ஏன் என்று தெரியாமலே ஆட்கள் நிமிர்ந்து உட்காருவாங்க.

சீமெந்துத் தரை, உயரக் கூரை வீட்டில் குரல் கிணற்றுக்குள்ளால வரும். கமெராவுக்குப் பின்னால் மெத்தை இரண்டை நிமிர்த்தி வையுங்க, மைக் தலைக்கு மேலே 40, 50 சென்ரிமீற்றரில். வாவிக்கரை சொன்ன கறுப்புத் துணி தடிப்பாக இருந்தால் இரண்டு வேலையும் பார்க்கும்.

வெளிக் காட்சிக்கு நேரம் பார்த்து வையுங்க. பாங்கு நேரம், கோயில் ஒலிபெருக்கி, கடைசி பஸ், ஓட்டோ எல்லாம் அடங்க ராத்திரி 11 ஆகும். மழைக்குப் பிறகு தவளைச் சத்தம் நிற்காது. நிற்காத சத்தம் தொல்லையில்லை, இடத்துக்கு இடம் மாறினால்தான் தொல்லை. ஒவ்வொரு இடத்திலும் நடிகர் எல்லாரையும் அசையாமல் நிறுத்தி இரண்டு நிமிடம் வெறும் இடத்தைப் பதியுங்க.

‘புளோ அவுற்’ (1981) கட்டாயம் பாருங்க. பிரையன் டி பல்மா எடுத்தது, ஜோன் ட்ரவோல்ட்டா சினிமாவுக்குச் சத்தம் பதிகிறவர். ராத்திரி பாலத்தில் நின்று காற்றுச் சத்தம் பதியப் போக, ஒரு கார் தண்ணீரில் விழுவது பதிந்துவிடுது. ரயர் வெடிச்சதற்கு முன்னால துவக்குச் சத்தமும் இருக்கு. சத்தத்தையும் சஞ்சிகையில் வந்த படங்களையும் பொருத்திப் பார்க்கிற நீளமான காட்சி ஒன்று வரும், எடிற்றிங் படிக்கிற ஆளுக்கு அதுவே ஒரு பாடம். உங்களுக்கு 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலமே இருக்கு, இரும்புச் சட்டம் கால் பட்டாலே முனகும். கிளாக்கரும் மனைவியும் சந்திக்கிற இடத்தை அங்கே வைத்தால் வசனம் பாதி மிச்சம்.

வாவித் தண்ணீருக்குள்ளால கேட்கிற பாடும் மீன் சத்தம் சேர்க்க ஆசைப்பட்டால் மைக்கைத் தண்ணீருக்கு மேலே பிடித்துப் பிரயோசனமில்லை. அதிர்வை மின்சாரமாக்குற பீஸோ தட்டை இறப்பர்ப் பூச்சில் முழுக்க அடைத்து, கவச வயரில் இறக்குங்க. அதை நேரே கமெராவில் குத்தினால் அடிச்சத்தம் முழுக்கப் போகும். 1 மெகாஓம் உள்ளீடு உள்ள ப்ரீ அம்ப் நடுவில் வேணும். கிற்றார் குத்துகிற பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்கும்.


புளியந்தீவு ரீல்:

எல்லாருக்கும் நன்றி. கல்முனைக் காக்கா (அண்ணன்), ஃபேன் விசயம் தலையில் அடிச்ச மாதிரி. கதைக்கு ஆராவது சொல்லுங்கோ. இப்போ இருக்கிற வடிவம்: கிழவரின் வீடு மனைவிக்குப் போக, கிளாக்கர் பொய்யாக ஒரு மரணசாதனம் (உயில்) தயாரிக்கிறான். கிழவர் சாகிறார். மனைவி பொலிஸில் கிளாக்கரைக் காட்டிக்கொடுக்கிறாள். இதை எல்லாரும் முன்னமே சொல்லிவிடுகிறார்கள். அதோடு ஈர ரோட்டும் புகையும் எப்படி?


பழைய உறுதி:

‘பொடி ஹீற்’றும் ‘பிளட் சிம்பிள்’ளும் பார்க்காத ஆட்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள், முடிவைச் சொல்லாமல் இதை விளக்க ஏலாது.

முதல் ஓட்டை வீடு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். கிழவருக்கு வீடு எங்கால வந்தது என்று இங்கத்தைய பார்வையாளர் முதல் நிமிடத்திலேயே யோசிப்பார், யோசித்தால் உங்கட கதைக்கு வெளியே போய்விடுவார். வீட்டை விட்டுவிட்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிழவர் தன் பெயரில் உறுதி (காணிப் பத்திரம்) முடித்த வயலை வையுங்கள்.

இரண்டாவது, காட்டிக்கொடுப்பது. ‘பொடி ஹீற்’றில் இயக்குநர் லோரன்ஸ் கஸ்டன் செய்ததைக் கவனியுங்கள். அதில் மனைவி தன் காதலனான வக்கீலைக் காட்டிக்கொடுப்பதுதான் பொறி என்று நினைத்தால் தப்பு. பொறி அவனுடைய பழைய பிழை. படத்தின் தொடக்கத்திலேயே அவன் அரைகுறை வக்கீல் என்று நீதிமன்றத்தில் காட்டிவிடுகிறார்கள், நாங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகு அவன் பெயரில் வரும் மரணசாதனம் ஒரு சட்ட நுணுக்கத்தில் செல்லாமல் போகுது. செல்லாமல் போனால் சொத்து முழுக்க மனைவிக்கு. அவனைவிடச் சட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கு. அவன் இப்படித்தான் பிழைவிடுவான் என்று எல்லாரும் நம்புவார்கள் என்பதும் தெரிந்திருக்கு. மனோதத்துவத் திரில்லர் என்றால் இதுதான்: ஆளின் குணமே சாட்சியாக நிற்க வேணும்.

இதை எங்கட சட்டத்தில் வைக்கலாம், வடிவாகப் பொருந்தும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாதனம் நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க ஒப்பமிட வேணும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், எல்லாரும் ஒரே நேரத்தில். கிளாக்கருக்கு நொத்தாரிசுவை நாட ஏலாது, ஏனென்றால் அது அவனுடைய முதலாளி. ஆகவே ஐந்து பேர் தேடுகிறான். ஐந்தாவது ஆள் அடுத்த நாள்தான் ஒப்பமிடுகிறார். கிளாக்கர் அலட்சியமாக, நாளை வரட்டும் என்று சொல்லும் குணமுள்ளவன் என்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் வேறு ஒரு சின்ன உறுதி விசயத்தில் காட்டிவிடுங்கள்.

இப்போ ஐந்தாவது சாட்சியை வரவிடாமல் பிந்தவைத்தது மனைவி என்றால்? மரணசாதனம் செல்லாது. மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) இல்லை, பொதுச் சட்டம்தான். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உயிரோடு இருக்கும் துணைக்குப் பாதி. அந்த ஆவணத்தில் முழு வயலும் அவளுக்கு, ஆனால் அதை நிறைவேற்றிச் சொத்தைக் கையளிப்பவன் கிளாக்கர். அவள் முழுவதையும் விட்டுப் பாதியைத் தெரிவு செய்கிறாள், பாதிக்குப் பங்காளி இல்லை என்பதால். அமெரிக்கக் கதையில் இல்லாத ஒன்று உங்களுக்குக் கிடைக்குது. பேராசைக்காரி என்று எல்லாரும் நினைத்திருக்க, அவள் அளந்து எடுக்கிறவள். கொலை செய்தவர் செத்தவரின் சொத்துக்கு வாரிசாக ஏலாது என்ற விதியும் இங்கே உண்டு, ஆகவே கொலையில் அவளின் கை படவே கூடாது. கிழவர் சாகும் நேரம் அவள் எங்கே, யாரோடு என்பதை எழுதி முடிக்காமல் ஷூட்டிங் போகாதீர்கள்.

முன்கூட்டியே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள் என்பதற்கு மருந்து ‘பிளட் சிம்பிள்’. கோயன் சகோதரர்கள் அதில் ஒன்றையும் எங்களுக்கு ஒளிக்கவில்லை. துப்பறிவாளன் போலிப் புகைப்படம் காட்டிக் காசு வாங்கி, பார் முதலாளியான கணவனைச் சுடுவதை நாங்கள் பார்க்கிறோம். மனைவியின் காதலன் வந்து, சுட்டது அவள் என்று நினைத்து, பிணத்தைப் புதைக்கக் கொண்டுபோகிறான். பிணம் இன்னும் சாகவில்லை. அவளுக்கோ காதலன் ஏதோ செய்துவிட்டான் என்ற சந்தேகம். கடைசிக் காட்சியில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது ஆரென்றே தெரியாமல் அவள் சண்டை போடுகிறாள். எல்லாம் தெரிந்தது எங்களுக்கு மட்டும். பதற்றம் வருவது அதால்தான்.

ஒரு பெரிய கடதாசியில் பெட்டி போடுங்கள். இடப்பக்கம் காட்சி இலக்கம், மேலே கிளாக்கர், மனைவி, கிழவர், நொத்தாரிசு, கடைசியில் பார்வையாளர். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் காட்சி முடியும்போது அவர் எதை உண்மை என்று நம்புகிறார் என்று ஒரு வரி. தெரிந்ததை எழுதாதீர்கள், நம்புவதை எழுதுங்கள், பிழையான நம்பிக்கையைச் சிவப்பில். தொடர்ந்து மூன்று காட்சிக்கு ஒரு நிரலில் ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தப் பாத்திரம் அங்கே தேவையில்லை. பார்வையாளர் நிரலும் கிளாக்கர் நிரலும் ஒரே மாதிரி இருந்தால் முடிவு ஊகிக்கப்படும், உங்களுக்கு நடந்தது இதுதான். மனைவி ஐந்தாவது சாட்சியைப் பிந்தவைப்பதைப் பார்வையாளருக்கு நடுவிலேயே காட்டிவிடுங்கள், ஆனால் காரணம் சொல்லாமல். அவளைச் சந்தேகிப்பார்கள், எதற்கென்று தெரியாது. ஆளை ஊகிப்பது லேசு, நோக்கத்தை ஊகிப்பது கஷ்டம்.

மலையாளத்தில் ‘யவனிகா’ (1982) கிடைத்தால் பாருங்கள். கே. ஜி. ஜோர்ஜ், நாடகக் குழுவில் ஒரு தபேலாக்காரரைக் காணவில்லை என்பதில் தொடங்கி, ஒவ்வொரு சாட்சியாகச் செத்தவனின் குணத்தைக் கட்டுகிறார். விசாரணைக் காட்சி எழுதத் தெரியாவிட்டால் அதைப் பார்த்து எழுதுங்கள்.


வாவிக்கரை:

ரோட்டுக்கு வருவம். மைக்கல் மானின் ‘தீஃப்’ (1981) முழுக்கச் சிக்காகோ ரோட்டை நனைத்தே எடுத்தது. தார் கறுப்பு, காய்ந்திருந்தால் லைற்றை விழுங்கும், நனைந்தால் கண்ணாடி. ஆனால் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கமெராவுக்குப் பக்கத்தில் லைற் வைத்தால் ஒன்றும் தெரியாது. லைற் ரோட்டின் அந்தப் பக்கம், கமெரா இந்தப் பக்கம், முழங்கால் உயரத்தில். வெளிச்சம் உங்களை நோக்கி வர வேணும்.

8 மீற்றர் அகலம், 20 மீற்றர் நீளம் நனைக்கச் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்றால் 160 லீற்றர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள், தார் ராத்திரி 9 மணிவரை சூட்டைக் கக்கும், கால் மணித்தியாலத்தில் திட்டுத் திட்டாகக் காயும். முதலில் ஒரு தரம் நனைத்துச் சூட்டைத் தணித்து, எடுக்கிற நேரம் இரண்டாம் தரம். உழவு இயந்திரத்தில் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று ஒரு ராத்திரிக்குப் போதும். கல் பதித்த ரோட்டில் செய்யாதீர்கள், கல்லும் இடுக்கும் குடித்துவிடும். வாவித் தண்ணீரை இறைக்கிற யோசனை வந்தால் விடுங்கள், காய்ந்த பிறகு வெள்ளைக் கறை, சயிக்கிள் செயினிலிருந்து கேற்வரை துரு. மார்கழி மழையில் எடுத்தால் ரோட்டு இலவசம், கமெராவை நனையாமல் வைப்பதுதான் செலவு. மாநகர சபைக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டு இறங்குங்கள்.

மின்சாரம்: ஈர ரோட்டில் வயர்ப் பொருத்து எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. கதிரையில் தூக்கி வையுங்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாத பிளக்கில் எடுக்க வேண்டாம். ஓட்டோ ஹெட்லைற்றைப் பாவித்தால் இந்தத் தொல்லையே இல்லை. 55 வாட் ஹலோஜன் என்றால் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர். என்ஜினை நிறுத்தி, தனியாக 35 ஆம்பியர்-மணி பற்றரியில் எரித்தால் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறக்காமல் மூன்றரை மணித்தியாலம் போகும்.

அந்த ஹெட்லைற்றைக் கிடுகு வேலிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ‘பிளட் சிம்பிள்’ முடிவில் துப்பறிவாளன் சுவரைச் சுட, ஒவ்வொரு ஓட்டையாலும் ஒரு வெளிச்சக் கம்பி இருட்டறைக்குள் நீளும், ஒளிப்பதிவு பரி சொனன்ஃபெல்ட். எங்களுக்குச் சுவரைத் துளைக்கத் தேவையில்லை, பழைய கிடுகில் ஓட்டை தானாக இருக்கும். அடர்த்தியாக இருந்தால் அங்கங்கே இரண்டு ஓலையை இழுத்துவிடுங்கள். புதுக் கிடுகில் வராது. வேலிக்கும் லைற்றுக்கும் 3 மீற்றர் இடைவெளி வையுங்கள், கிட்ட வைத்தால் கம்பிகள் விசிறியாக விரியும், ஹலோஜன் சூட்டுக்கு ஓலையும் பற்றும்.

கம்பி தெரியப் புகை வேணும். மூடின அறையில் சிரட்டைக் கரியில் சாம்பிராணி ஒரு தேக்கரண்டி, 12 அடிக்கு 10 அடி அறைக்கு அது தாராளம். போட்டு ஃபேனை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பரப்பி, நிறுத்தி, இரண்டு நிமிடம் பொறுங்கள். சுருள் சுருளாகத் தெரிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், புகை புகையாகத் தெரியக் கூடாது. தென்னஞ்சோகை, மட்டைப் புகை வேண்டாம், மஞ்சளடிக்கும், கண்ணும் எரியும். முட்டு வருத்தம் உள்ள நடிகர் இருந்தால் புகையே வேண்டாம். ஒவ்வொரு ரேக்குக்கு முன்னாலும் லென்ஸைத் துடைத்து, அதே அளவு திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது ஒரு ஷொட் தெளிவாகவும் அடுத்தது பனியாகவும் வரும். வெளியில், வேலியடியில், காற்று நின்ற நேரம் மட்டும். வாவிப் பக்கம் அது பெரும்பாலும் விடியப்புறம்.


தேத்தாத்தீவான்:

வியர்வையை ஆரும் சொல்லவில்லை. ‘பொடி ஹீற்’ பார்க்கிறவனுக்கே வியர்க்கும், ஆனால் அது ஃபுளோரிடாவில் குளிர்காலத்தில் எடுத்த படம், நடிகர்மேல் தண்ணீர் தெளித்துத்தான் எடுத்தார்கள். இங்கே உண்மையாகவே வியர்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். உண்மை வியர்வை ஒரு ஷொட்டில் இருக்கும், லைற் மாற்றுகிற இடைவெளியில் காயும், தொடர்ச்சி குழம்பும். பாமசியில் கிளிசரின் வாங்கி, அதே அளவு தண்ணீர் கலந்து, சின்ன ஸ்பிறே போத்தலில் ஒரு முழ தூரத்திலிருந்து நெற்றி, கழுத்து, மேலுதடு. வெறும் தண்ணீர் ஓடிவிடும், வெறும் கிளிசரின் எண்ணெய் பூசின மாதிரி மின்னும். பின்னொளி இருந்தால்தான் துளி தெரியும். சேட்டில் நனைவு வேணுமென்றால் கிளிசரின் படாமல் தண்ணீர் மட்டும், வெளிர்நீல அல்லது சாம்பல் துணியில். வெள்ளைச் சேட்டில் நனைவு தெரியாது, உடம்புதான் தெரியும்.


புளியந்தீவு ரீல்:

கிண்ணத்தைக் கழற்றி 4 மீற்றரில் வைத்துப் பார்த்தாச்சு, கோடு விழுது. பட்டியும் போய்ட்டுது. வயலுக்குக் கதையை மாற்றி எழுதத் தொடங்கிறன். பழைய உறுதி அண்ணன், ஐந்து சாட்சியும் மூன்று நடிகரோடு எப்படி?


பழைய உறுதி:

முகம் காட்டத் தேவையில்லை தம்பி. ஒரே மேசை, ஒரே பேனை, ஐந்து கை. நாலு கை தொடர்ச்சியாக ஒப்பமிடட்டும், ஐந்தாவது கோடு வெறுமையாக நிற்க, கிளாக்கரின் கை கடதாசியை மடிக்கட்டும். ஒப்பமிடுகிற கைகளில் ஒன்று பெருவிரல் அடையாளம் வைப்பதாக இருந்தால் மை ஒற்றுகிற நேரத்தில் பார்வையாளர் எண்ணத் தொடங்கிவிடுவார்.